எங்கள் இளைஞர் குழுவின் தளத்துக்கு இடம் பார்த்த கதை

முகாம் பதிவு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது எங்கள் குழுவின் இணையதளம் காணாமல் போனது. முகவரியைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத விளம்பரப் பக்கம் ஒன்று வந்து நின்றது. "தம்பி, நம்ம சைட்ல என்னமோ கடன் விளம்பரம் வருது, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று பொருளாளர் அக்கா போன் செய்தபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். அதுவரை எனக்கும் அந்தத் தளத்துக்கும் இருந்த உறவு, ஆண்டுக்கு இரண்டு முறை தேதி மாற்றிக் கொடுப்பது மட்டும்தான். ஆனால் குழுவில் ஒருவனுக்குக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று பெயர் விழுந்துவிட்டால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஹேக் எல்லாம் இல்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதைப் பதிவு செய்த அண்ணன் ஐந்து ஆண்டுக்கு முன்பே குழுவை விட்டுப் போனவர். பணம் அவருடைய சொந்தக் கார்டிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியாது, அவருக்கே மறந்துவிட்டது. கார்டு மாறியது, பணம் போகவில்லை. டொமைன் விற்கும் நிறுவனங்கள் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்பியே ஆகவேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு விதி வைத்திருக்கிறது. அனுப்பித்தான் இருக்கிறார்கள். எந்த முகவரிக்கு? எங்கள் டொமைனிலேயே அமைந்த, அந்த அண்ணன் போன பிறகு யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்கு. டொமைன் செத்ததும் அந்தப் பெட்டியும் சேர்ந்து செத்தது. கடவுச்சொல்லை மீட்கலாம் என்று பார்த்தால், மீட்புக் கடிதமும் அதே பெட்டிக்குத்தான் போகும். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நிற்பது போன்ற நிலைமை.

அந்த அண்ணனைத் தேடிப் பிடித்தோம். நல்ல வேளையாக அவருக்குக் கடவுச்சொல் நினைவிருந்தது. அன்றிரவே புதுப்பித்துவிட்டார், ஒரு மணி நேரத்தில் தளம் திரும்பியது. இது அதிர்ஷ்டம்தான். பொதுவாக டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்குப் பின் அதிகபட்சம் 45 நாள் வரை விற்பனையாளர் கையில் அவகாசம் இருக்கும். எத்தனை நாள் தருவது என்பது அவரவர் விருப்பம். அது போனால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் எகிறும். அதுவும் போனால் ஐந்து நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பெற்றோர் பார்க்கும் ஒரு பெயரை வேறு யாரோ வாங்கி அதில் எதையாவது போடுவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முகாம் முடிந்ததும் கூட்டத்தில் முடிவானது: தளத்துக்கு ஒழுங்கான இடம் பார். அதாவது, நீ பார்.

முதலில் கையில் இருப்பதைப் பார்த்தேன்

ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்க வாடகை இடம், என்றதும் எல்லோரும் போல நானும் ஒப்பீட்டுப் பட்டியல்களில்தான் போய் விழுந்தேன். எத்தனை ஜிபி, எத்தனை 'அன்லிமிடெட்', எத்தனை சதவீதத் தள்ளுபடி. இரண்டு இரவு அப்படியே போனது. மூன்றாம் நாள்தான், நமக்கு என்ன தேவை என்றே தெரியாமல் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம் என்று உறைத்தது. பழைய சர்வரின் கன்ட்ரோல் பேனலைத் திறந்தேன்.

அங்கே பார்த்தது ஒரு பரண். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் நிரல் ஓடியது, ஆனால் அதை இயக்கும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பில். அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. 23 பிளக்-இன்கள், அதாவது கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள். அவற்றில் பனி பெய்வது போல் திரையில் புள்ளி விழ வைக்க ஒன்று. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. படங்கள் மட்டும் 11 ஜிபி. தொண்டர்கள் போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை வாங்கியதும் அதை ஒன்றாக வைத்துக்கொள்வதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஆறேழு அளவுகளில் நகல் எடுத்து வைக்கும். இரண்டாயிரம் படம் ஏற்றினால் சர்வரில் பன்னிரண்டாயிரம் கோப்புக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், 'அன்லிமிடெட் இடம்' என்று விற்கும், ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அளவு ஜிபியில் இல்லாவிட்டாலும் கோப்புகளின் எண்ணிக்கையில் இருக்கும். ஐநோடு என்பார்கள். ஒரு கோப்புக்கு ஒன்று, ஒரு ஃபோல்டருக்கு ஒன்று, சர்வரிலேயே அஞ்சல் பெட்டி வைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலுக்கும் ஒன்று. விதிமுறைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அந்த எண்ணிக்கை இருக்கும். முகப்பில் இருக்காது.

பிறகு வருகைக் கணக்கு. கன்ட்ரோல் பேனலில் இருந்த புள்ளிவிவரம் ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு வருகை என்று பெருமையாகச் சொன்னது. சர்வரின் பதிவுக் கோப்பை இறக்கி நானே வரி வரியாகப் பார்த்தேன். பெரும்பாலானவை தேடுபொறிகளின் பாட்கள், மீதியில் நிறைய லாகின் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். மனிதர்கள் என்று நம்பும்படி இருந்தவர்கள் ஒரு நாளைக்கு இருபது, முப்பது பேர். முகாம் பதிவு திறக்கும் நாளில் மட்டும் ஒரு மணி நேரத்தில் முந்நூறு பேர் வரை. பக்கம் 2 எம்பி என்று வைத்தால்கூட அந்த ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிதான். எந்த மலிவுத் திட்டமும் இதைத் தாங்கும். ஆக, இரண்டு இரவு நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த வேகம், இடம், பேண்ட்வித் எதுவுமே எங்கள் பிரச்சினை இல்லை.

பிரச்சினை வேறிடத்தில் இருந்தது. டேட்டாபேஸைத் துழாவும்போது பதிவுப் படிவத்துக்கான பிளக்-இன் எல்லாப் பதில்களையும் சேமித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். ஆறு ஆண்டு முகாம்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பெற்றோர் எண், என்ன ஒவ்வாமை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் இப்போது வளர்ந்து எங்களோடு தொண்டர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் பத்து வயதில் படுக்கையை நனைத்த விவரம் 2022-க்குப் பின் திருத்தம் காணாத பிஎச்பியின் காவலில் இருந்தது. அந்தப் படிவத்தைப் போட்டவர் மீது குறை சொல்ல முடியாது. பதில் மின்னஞ்சலில் வந்துவிடும், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றே அழித்தேன். அட்டவணையை அழித்தால் போதாது. பேக்கப் எடுக்கும் பிளக்-இன் வாராவாரம் டேட்டாபேஸின் நகலை அதே சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தது. அதையும் அழித்தேன். அந்த வேலை முடிய ஒரு மாலை ஆனது. இந்தத் திட்டம் முழுவதிலும் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

நான்கு வழி பார்த்தேன்

கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் நான் போனது விபிஎஸ் பக்கம், அதாவது நாமே நிர்வகிக்கும் மெய்நிகர் சர்வர். மாதச் சந்தா மலிவு, முழுக் கட்டுப்பாடு நம் கையில், எனக்கும் லினக்ஸ் பழக ஆசை. 1 ஜிபி மெமரி உள்ள ஒன்றை எடுத்து உபுண்டு லினக்ஸ், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், மைசீக்வல் டேட்டாபேஸ் எல்லாம் ஏற்றினேன். சர்வர் உயிர் பெற்றுக் காப்பி குடித்து வருவதற்குள் லாகின் பதிவில் யார் யாரோ 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்ற பெயர்களில் கடவுச்சொல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது புதிதல்ல, இணையத்தில் திறந்த, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எந்த எஸ்எஸ்எச் கதவுக்கும் இதே கதிதான். கடவுச்சொல் லாகினை நிறுத்தி, சாவிக் கோப்பு வழியாக மட்டும் உள்ளே வரும்படி செய்து, தடுப்பு நிரல் போட்டேன். நான்காம் நாள் மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே மைசீக்வலைக் கொன்றுவிட்டது. மெமரி போதாதபோது டிஸ்கைப் பயன்படுத்த ஒரு ஸ்வாப் கோப்பு போட்டதும் சரியானது. எனக்கு ஒரே சந்தோஷம், கற்றுக்கொண்டேன் அல்லவா.

பொருளாளர் அக்காவிடம் ஆசையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ பரீட்சைக்கோ கல்யாணத்துக்கோ போயிட்டா, அது செத்துச்சுன்னா யார் எழுப்புவா?" பதில் இல்லை. அன்றே விபிஎஸ்ஸை அணைத்தேன். எங்கள் குழுவில் ஒருவர் சராசரியாக மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தால் பெரிது. படிப்பு, வேலை, குடும்பம் என்று நகர்ந்துவிடுவார்கள். நானும் நகர்வேன். தேர்வு செய்வது எனக்கான சர்வரை அல்ல, எனக்கு அடுத்து வரும், இன்னும் யாரென்றே தெரியாத ஒருவருக்கானதை.

அடுத்து என் சொந்த விருப்பமான ஸ்டாடிக் தளம். ஹ்யூகோ போன்ற ஒரு நிரலை வைத்து எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாகச் செய்துவிட்டால், சர்வரில் பிஎச்பி வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், ஹேக் செய்ய லாகின் பக்கமே இல்லை. கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாகவே வைக்கலாம். தளம் 1 ஜிபிக்குள் இருக்கவேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி என்ற மென்மையான போக்குவரத்து வரம்பு உண்டு. எங்கள் அளவுக்கு அது கடல். ஒரே வார இறுதியில் தளம் முழுவதையும் மாற்றினேன். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. இப்போது நினைத்தாலும் அழகான தளம் அது.

இரண்டு இடத்தில் அடி வாங்கியது. ஒன்று, இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் கோப்புகள் இருக்கும் களஞ்சியம் பொதுவில் இருக்கவேண்டும். அங்கே கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சேமிக்கும் கிட் நிரல் எதையும் மறக்காது. ஒரு அம்மா, "என் பொண்ணு படத்தை எடுத்துடுங்க" என்று கேட்டால், நான் படத்தை நீக்கினாலும் பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துவிடலாம். வரலாற்றையே திருத்தி எழுத வழி இருக்கிறது, ஆனால் அதை அடுத்த தொண்டர் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. படங்களை வேறிடத்தில் வைக்கலாம் என்றால் கட்டமைப்பு இன்னும் சிக்கலாகும்.

இரண்டாவது அடி, நான் வைத்த ஒரு பரீட்சையில் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் சைட் பில்டர்கள். எதுவும் நிறுவ வேண்டாம், அப்டேட் கவலை இல்லை. இலவசத் திட்டத்தில் பெரும்பாலும் சொந்த டொமைன் வைக்க முடியாது, பக்கத்தின் ஓரத்தில் அவர்கள் விளம்பரம் வரும். பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில் என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். கட்டணத் திட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான் முயன்ற ஒன்றில் தளத்தை மொத்தமாக வெளியே எடுத்துப்போக வழியில்லை. எழுத்தைக் கையால் நகலெடுக்க வேண்டும். அவர்கள் விலையை ஏற்றினால் நாம் ஏறிய விலையைக் கட்டுவோம், அவ்வளவுதான்.

நான்காவது, பழையபடி ஷேர்டு ஹோஸ்டிங், அதில் வேர்ட்பிரஸ். இதைப் பற்றி எனக்கு எந்த உற்சாகமும் இல்லை.

இதற்கிடையில் லாபநோக்கற்ற அமைப்புகளுக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் இலவசச் சேவைகளையும் பார்த்தேன். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டும் அப்படித் தருகின்றன, நல்ல விஷயம். ஆனால் அமைப்பு முறையாகப் பதிவு பெற்றிருக்கவேண்டும், சான்று காட்டவேண்டும். எங்களுடையது பதிவு பெறாத குழு. உங்களுடையது பதிவு பெற்றதென்றால் ஹோஸ்டிங்குக்கு முன் அதைத்தான் முதலில் விண்ணப்பியுங்கள், குறிப்பாக மின்னஞ்சலுக்கு.

தேதி மாற்றும் பரீட்சை

மூன்று பேரைப் பிடித்தேன். பொருளாளர் அக்கா, விளையாட்டுப் பொறுப்பிலுள்ள அண்ணன், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. மூன்று சோதனைத் தளங்கள்: வேர்ட்பிரஸ், சைட் பில்டர், ஸ்டாடிக். வேலை ஒன்றே: அடுத்த கூட்டத்தின் தேதியை மாற்றி, ஒரு படம் சேர்க்கவேண்டும். போனில்தான் செய்யவேண்டும், ஏனென்றால் நிஜத்திலும் அவர்கள் போனில்தான் செய்வார்கள். நான் பக்கத்தில் இருப்பேன், வாய் திறக்கமாட்டேன்.

வாய் திறக்காமல் இருப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சைட் பில்டரில் மூவரும் சில நிமிடங்களில் முடித்தார்கள். வேர்ட்பிரஸில் அக்காவும் தம்பியும் முடித்தார்கள். அண்ணன் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு 'புதுப்பி' பொத்தானைத் தேடித் தேடி அலுத்துப்போனார், சிறிய திரையில் அது மேலே ஒளிந்திருந்தது. ஸ்டாடிக் தளத்தில் அக்கா முதல் திரையிலேயே, "இது எனக்கில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி மட்டும் கோப்பைத் திறந்து தேதியை மாற்றிச் சேமித்தான். ஆனால் தலைப்பு வரியில் ஒரு மேற்கோள் குறியைத் தெரியாமல் அழித்துவிட்டான். பக்கங்களை மறுபடி உருவாக்கும் பில்டு தோற்றது. தளத்தில் பழைய தேதியே நின்றது. பிழைச் செய்தி எங்கோ ஒரு பக்கத்தில் சிவப்பாக எரிந்துகொண்டிருக்க, அவன், "முடிஞ்சுது அண்ணா" என்றான். இது உண்மையான முகாமாக இருந்திருந்தால் பிள்ளைகள் தப்பான நாளில் வந்து நின்றிருப்பார்கள்.

கூட்டத்தில் மூன்றையும் வைத்தேன். ஸ்டாடிக் தளத்துக்காக நான் கொஞ்சம் வாதாடினேன், ஒத்துக்கொள்கிறேன். என் ஓட்டைத் தவிர அதற்கு வேறு ஓட்டு விழவில்லை. திருத்துவது எளிதாக இருக்கவேண்டும், நாளை வேறிடம் போவதென்றால் மூட்டை கட்டவும் முடியவேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் வேர்ட்பிரஸ் நின்றது. கோப்புகளும் டேட்டாபேஸும் நம் கையில் இருந்தால் வேர்ட்பிரஸை ஏறத்தாழ எந்த ஹோஸ்டிங்கிலும் ஏற்றிவிடலாம்.

கடை தேர்ந்தது

ஷேர்டு ஹோஸ்டிங் என்று முடிவானபின் எந்த நிறுவனம் என்பதற்கு நான் விமர்சனங்களை நம்பவில்லை; அவற்றில் பலவும் கமிஷனுக்கு எழுதப்பட்டவை. நான்கு நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை ஞாயிறு மாலை அனுப்பினேன். ஞாயிறு மாலை ஏன் என்றால், தொண்டர்களுக்குத் தளம் உடைவது அப்போதுதான்.

இரண்டாம் ஆண்டு விலை என்ன, பேக்கப் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், மீட்பதை நானே செய்யலாமா அல்லது உங்களைக் கேட்கவேண்டுமா, அதற்குத் தனிக் காசா, ஐநோடு வரம்பு என்ன, ஒரு கணக்குக்கு இரண்டு பேர் தனித்தனி லாகின் வைக்கமுடியுமா என்று கேட்டிருந்தேன். ஒரு நிறுவனம் மறுநாள் மாலை விலைப்பட்டியல் இணைப்பை மட்டும் அனுப்பியது. ஒன்று பதிலே இல்லை. ஒன்று எல்லாவற்றுக்கும் 'ஆம், அன்லிமிடெட்' என்றது, பேக்கப் எத்தனை நாள் என்ற கேள்விக்கும் அதே பதில்தான். நான்காவது அன்றிரவே வரி வரியாகப் பதில் எழுதியது, ஐநோடு எண்ணிக்கை உட்பட. அவர்கள் முதல் ஆண்டு விலையில் மலிவானவர்கள் இல்லை. மலிவாக இருந்த ஒன்றின் இரண்டாம் ஆண்டு விலையைக் கேட்டால் முதல் ஆண்டின் மூன்று மடங்குக்குப் பக்கம் வந்தது. மூன்று ஆண்டுக் கணக்கைப் போட்டால் நான்காவது நிறுவனமே குறைவு.

'டொமைன் இலவசம்' என்ற சலுகையை வேண்டாம் என்றேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே இடத்தில் இருந்தால், ஹோஸ்டிங்கோடு சண்டை வரும் நாளில் பெயரும் அவர்களிடம் மாட்டியிருக்கும். பழைய விற்பனையாளரிடமே டொமைனை விட்டு, கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கார்டையும் மட்டும் மாற்றினோம். பதிவு உரிமையாளர் பெயரை மாற்றினால் பிற நிறுவனத்துக்கு மாற்றமுடியாதபடி 60 நாள் பூட்டு விழ வாய்ப்புண்டு, ஆகவே வேறு இடம் போக நினைப்பவர்கள் எதை முதலில் செய்வது என்று யோசித்துச் செய்யுங்கள்.

காசு கட்டியதும் முதல் வேலை, பணம் திரும்பப் பெறும் 30 நாளுக்குள் பேக்கப் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்த்தது. சோதனைத் தளம் போட்டு, இரண்டு நாள் விட்டு, வேண்டுமென்றே டேட்டாபேஸை அழித்தேன். பேனலில் முந்தைய நாள் தேதியைத் தேர்ந்து மீட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பியது. அப்புறம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவர்களுடைய பேக்கப் போக மாதம் ஒரு முறை ஒரு நகலை எங்கள் ஹார்ட் டிஸ்கிலும் இறக்குகிறோம்.

இடமாற்றம், அதில் நான் சொதப்பியது

புதிய தளத்தை ஏழு பக்கத்தில் முடித்தேன். பிளக்-இன் மூன்று. தானியங்கி அப்டேட் எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று. பதிவுப் படிவம் தளத்தில் இல்லை. வேறொரு படிவச் சேவையில் இருக்கிறது, முகாம் முடிந்த இரு வாரத்தில் பதில்கள் அழிக்கப்படும், அழிப்பவர் பெயர் கூட்டக் குறிப்பில் இருக்கும். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியதில் ஒவ்வொன்றும் 300 கேபி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. சுருக்கும்போதே படத்துக்குள் ஒளிந்திருக்கும் எக்சிஃப் தகவலையும் நீக்கினேன். போன் படத்தில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகூட அதில் இருக்கலாம். பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் எங்கே கூடுகிறார்கள் என்பதை ஊருக்கு வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

டொமைன் எந்த சர்வரைக் காட்டவேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, பழைய பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரமான டிடிஎல்லை 14400 நொடியிலிருந்து 300 ஆகக் குறைத்தேன். மாற்றம் நான்கு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் பரவ. என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, உலகம் பழைய தளத்தைப் பார்க்கும்போதே நான் மட்டும் அதே முகவரியில் புதியதைத் திறந்து சோதித்தேன். எல்லாம் பக்காவாக இருந்தது. அந்தத் திமிரில்தான் தப்பு நடந்தது.

சர்வரின் முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றியிருந்தால் போதும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் வழிகாட்டியில் இந்த ரெக்கார்டுகள் எல்லாம் இருக்கும் நேம்சர்வரையே மாற்றச் சொல்லியிருந்தது, நானும் மாற்றினேன். நேம்சர்வரை மாற்றினால் பழைய இடத்திலிருந்த எல்லா ரெக்கார்டுகளும் அங்கேயே நின்றுவிடும். புதிய இடத்தில் நாமே எழுதவேண்டும். நான் குறைத்து வைத்த டிடிஎல்லும் இதற்கு உதவாது. கடிதம் எங்கே வரவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை நினைவாக எழுதினேன், ஆகவே கடிதங்கள் வந்தன. நாம் அனுப்பும் கடிதத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் ரெக்கார்டை மறந்தேன். போதாக்குறைக்கு ஹோஸ்டிங் நிறுவனம் தானாகவே, எந்த சர்வர்கள் எங்கள் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் ஒரு எஸ்பிஎஃப் வரியைப் போட்டிருந்தது. நான் எங்கள் மின்னஞ்சல் சேவைக்கான இன்னொன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே பிழை என்று முடிந்துவிடும், இரண்டில் எதுவும் செல்லாது. அனுப்புபவர் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்கவேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கேட்கிறது. எங்களிடம் இரண்டுமே இல்லை.

வந்த கடிதங்கள் வந்துகொண்டிருந்ததால் ஒன்பது நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. போன கடிதங்கள் ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்தன. பெற்றோர் கூட்டத்துக்கு வழக்கத்தில் பாதிப் பேர்கூட வராதபோதுதான் விசாரித்தோம். இரண்டு எஸ்பிஎஃப் வரிகளை ஒன்றாக்கி, டிகேஐஎம் சேர்த்தேன், மறுநாள் சரியானது. என் யோசனை: எதையும் தொடுமுன் பழைய டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பத்து வரிகூட இருக்காது. நான் எடுக்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை ஹோஸ்டிங் பேனலே எடுத்துக்கொடுக்கும், புதுப்பிக்கவும் செய்யும். ஆனால் வழக்கமான முறையில், டொமைன் புதிய சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் அது கிடைக்கும். நடுவில் கொஞ்ச நேரம் பிரவுசர் பயமுறுத்தும். எங்களுக்கு அது இருபது நிமிடம். இரவு பதினொரு மணிக்கு மாற்றியதால் யாரும் பார்க்கவில்லை.

சாவிகள்

கடைசியாகச் செய்தது இரண்டு பக்கத் தாள் ஒன்று. டொமைன் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, மின்னஞ்சல் எங்கே, படிவம் எங்கே, எது எப்போது புதுப்பிக்கவேண்டும், யார் பணம் கட்டுவது. கணக்குகள் எல்லாம் எங்கள் டொமைனைச் சாராத ஒரு பொது மின்னஞ்சலில். அது பொருளாளருக்கும் செயலாளருக்கும் திறக்கும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கிறோம், மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம். இல்லையென்றால் ஒருவர் போன் தொலைந்தால் எல்லாம் தொலையும். புதுப்பிக்கும் நாளையும், பொறுப்பாளர்கள் மாறும் ஆண்டுக் கூட்டத்துக்கு அடுத்த மாதத்துக்கு நகர்த்திக்கொண்டோம். பழைய பொருளாளருக்கும் புதியவருக்கும் நடுவில் பில் விழாமல் இருக்க.

11 ஜிபி பழைய படங்கள் இன்னும் என் டிஸ்கில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று மூன்று கூட்டமாகத் தள்ளிப்போடுகிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வேறு எதற்கோ தளத்தைத் திறந்தேன். விளையாட்டு நாள் தேதி மாறியிருந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை. புதிய படமும் ஒன்று ஏறியிருந்தது, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு. லாகின் பக்கம் வரை போய்விட்டேன், கை பரபரத்தது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி திறந்தபோது யாரோ அதை நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.